ஆச்சியோடும் பிள்ளைகளோடும் தீவுக்குப் போவதென்றால் எது?

முழுஆண்டுத் தேர்வு முடிகிற சமயம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் லீவுக்கு எங்கே போவது என்ற பேச்சு கிளம்பிவிடும். குற்றாலத்தில் சாரல் பிடிக்க ஜூன் ஆகும். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். திருச்செந்தூர், உவரி, மணப்பாடு எல்லாம் காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிற தூரம். அதனால் பிள்ளைகள் தீவு கேட்கிறார்கள். அலை அடிக்காத தெளிந்த தண்ணீர் வேண்டும், கண்ணாடி மாட்டிக் குனிந்தால் மீன் தெரிய வேண்டும். நியாயமான ஆசை. நம் கரையில் அது கிடைக்காது.

கிடைக்காதது மட்டுமில்லை, ஏப்ரல், மே மாதங்களில் நம் தென்கரையில் பிள்ளைகளை இறக்குவதே ஆபத்து. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலின் அலை சில நாள் பயணம் செய்து இங்கே கரையேறும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளக்கடல் என்று எச்சரிக்கை கொடுப்பது இதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஆகவே 'நம்ம ஊரு கடலே போதுமே' என்று பெரியவர்கள் சொன்னால், கால் நனைக்கப் போதும், குளிக்கப் போதாது என்பதே என் பதில்.

நம் ஊரிலிருந்து குடும்பத்தோடு எட்டக்கூடிய தீவுகள் என்று பார்த்தால் ஐந்து: ராமேஸ்வரம், லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கையின் திருகோணமலைப் பக்கம், அந்தமான். படத்தில் தெரிகிற தண்ணீரின் நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தால் மாலத்தீவோடு பேச்சு முடிந்துவிடும். கூட்டத்தில் எழுபது வயது ஆச்சியும் ஆறு வயதுப் பேரனும் இருக்கிறார்கள் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நமக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும்? எத்தனை தடவை படகு ஏறி இறங்க வேண்டும்? ஒரு நாள் கெட்டுப் போனால் அதைச் சரிசெய்ய அங்கே என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தீவுப் பயணத்தில் ஏதாவது ஒன்று கெடாமல் இருக்கவே இருக்காது என்பதால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ராமேஸ்வரத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். தூத்துக்குடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 220 கிலோமீட்டர். படகே ஏற வேண்டாம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் கார் நேரே தீவுக்குள் போய்விடும். ரயில் என்றால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் தென்காற்று எழும்பும்போது ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அக்னி தீர்த்தத்தில் ஆச்சி பயமில்லாமல் முங்கி எழலாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் மட்டும் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் இழுப்பு பலம். கோயிலும் இருபத்திரண்டு தீர்த்தமும் சேர்த்து மூன்று நாளுக்கு நல்ல பயணம். ஆனால் பிள்ளைகள் கேட்ட தீவு இதில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இறங்கிக் குளித்துப் பவளமும் மீன் கூட்டமும் பார்ப்பதற்குப் பேர்போன ஊர் இல்லை ராமேஸ்வரம்.

லட்சத்தீவு பெயரைக் கேட்டாலே எனக்கு ஆசை. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக எர்ணாகுளம். அங்கிருந்து கப்பலில் பெரும்பாலும் ஒரு ராத்திரி. பவளத்திட்டு வளைத்துக்கொண்ட காயல். அலை வெளியே உடைந்துவிடும், உள்ளே பிள்ளைகள் நிற்கிற ஆழம். மினிக்காயில் மாசிக் கருவாடு காய்வதைப் பார்க்கலாம். நம் சந்தைகளுக்குப் பழக்கமான அதே மாசி. இருந்தாலும் ஆச்சி வருகிற பயணத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காரணம் ஒன்றே ஒன்று. பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் நிறுத்தி, பக்கத்தில் ஆடுகிற சின்னப் படகில் இறங்கச் சொல்வார்கள். படகு மேலே வரும்போது கால் வைக்க வேண்டும், கீழே போகும்போது வைக்கக் கூடாது. இளவட்டங்களுக்கு அது விளையாட்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு இறங்கலும் கண்டம். அகத்திக்கு விமானம் உண்டு, இடம் குறைவு. முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும், காவல்துறைச் சான்றிதழ் வேண்டும்; மே நடுவில் கப்பல் சுற்றுலாவும் நின்றுவிடும். தேர்வு முடிந்து ஓடிப் பிடிக்கிற ஊர் அது கிடையாது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகு அவர்களே போய் வரட்டும்.

மாலத்தீவு பணக்காரர்களுக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தூரத்தைப் பார்த்தால் நமக்குச் சென்னையைவிடச் சுலபம். வள்ளியூர், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். இந்தியர்களுக்கு விசாவை இறங்கிய இடத்திலேயே இலவசமாகத் தருவார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாலு நாளுக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ரிசார்ட் தீவுகளின் விலை நமக்கு ஒத்துவராது. மாஃபுஷி மாதிரி ஊர்மக்கள் வாழ்கிற தீவுகளில் தங்கும் விடுதிகள் இருக்கின்றன, அங்கே விலை கட்டுப்படியாகும். அவை முஸ்லிம் ஊர்கள். பெண்கள் சுடிதாரோடு கடலில் இறங்குவது அங்கே இயல்பு என்பதால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கூச்சம் வேண்டாம்.

தடங்கல் வருகிற இடம் இரண்டு. வழிபாட்டுக்கான விக்கிரகத்தை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை. பூஜைக்கு ஒரு சின்னப் பிள்ளையாரைப் பையில் வைக்காமல் படியிறங்காத ஆச்சிமார் நம் பக்கம் எத்தனை பேர்! விமான நிலையத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டால் அந்த மனக்குறை பயணம் முழுக்கக் கூடவே வரும். இதைக் கிளம்புமுன்பே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று சாப்பாடு. காலைப் பலகாரத்திலிருந்தே மீன்தான், அதுவும் சூரை. சைவ வீட்டுக்காரர்கள் விடுதியில் முதலிலேயே பேசி வைக்காவிட்டால் ரொட்டியும் பருப்பும்தான் கதி. வெள்ளிக்கிழமை அரசு ஃபெர்ரி பெரும்பாலும் ஓடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். உடம்புக்குப் பெரிதாக ஏதாவது என்றால் மாலேக்கு வர வேண்டும். அங்கே இந்திய உதவியில் கட்டிய இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை இருக்கிறது. சிறிய தீவிலிருந்து அந்த மாலேக்கு வருவதே ஒரு படகுப் பயணம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மே மாதம் மழை தொடங்கிவிடும்.

திருகோணமலையை நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மே மாதம் மேற்கிலும் தெற்கிலும் கடல் கெட்டுப்போகிற நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரை அடங்கியிருக்கும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அதற்குத்தான் காலம். நம் கோடை லீவோடு முழுசாகப் பொருந்துகிற கரை இந்த ஐந்தில் அது ஒன்றுதான். நிலாவெளியில் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் புறாத்தீவு. பவளமும், ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சின்னச் சுறாக்களும் உண்டு. ஆச்சிக்கு, சம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் கடலுக்கு மேல் பாறையில் நிற்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எல்லாவற்றுக்கும் மேலே, வேனோட்டியிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை தமிழில் பேசலாம். தடங்கல் வரும்போது அதன் அருமை தெரியும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், எத்தனை வாந்தி, என்ன சாப்பிட்டான் என்று ஆச்சியே சொல்லிவிடுவாள். சாப்பாட்டுக் கவலையும் இல்லை. நம் கல்யாண வீட்டு மறுநாள் பந்தியில் மட்டும் பார்க்கிற சொதி அங்கே அன்றாடம் இடியாப்பத்தோடு வரும். நம்முடையதைப் போலக் காய்கறி நிறைந்து கெட்டியாக இருக்காது, நீர்க்க இருக்கும். ஆனாலும் தேங்காய்ப் பால் தேங்காய்ப் பால்தான்.

இடைஞ்சல் தூரத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி ஹபரணை வழியாகத் திருகோணமலை போக வேனில் ஆறு மணி நேரம் ஆகும். வழியில் ஓர் இரவு தங்கினால்தான் பெரியவர்களுக்குத் தாங்கும். எல்லோருக்கும் பாஸ்போர்ட்டும் இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் மையம் இருக்கிறது. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் இன்னொன்று என்று இருக்கிற ஆச்சிகளுக்குத்தான் மாதக்கணக்கில் அலைச்சல்.

இனி அந்தமான். நாங்கள் போனது அங்கேதான்: அம்மா, அண்ணன், மைனி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள், நாங்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், நம் ரூபாய், கடைத்தெருவில் எங்கே திரும்பினாலும் தமிழ் பேசுகிற ஒருவர். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. மூன்று நாள் ஆகும், பெரியவர்களுக்கு வேண்டாம். விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள். திருநெல்வேலியிலிருந்து ராத்திரி ரயிலில் போய் அன்று காலை விமானத்தைப் பிடிப்பது என்று திட்டம் போடாதீர்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதித்தால் மொத்தப் பயணமும் போச்சு. காலை வந்தே பாரத்தில் போய்ச் சென்னையில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் பறப்பதே நிம்மதி. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். நமக்குப் பதினைந்து பாகை கிழக்கே, அதே இந்திய நேரம். ஆகவே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், விடிவதும் ஐந்து மணிக்கே. சாயங்காலம் நாலு மணிக்குக் கடலுக்குக் கிளம்பலாம் என்கிற நம் ஊர் வழக்கம் அங்கே எடுபடாது. காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்கி எட்டரைக்கு ஏறிவிட வேண்டும். வெயிலிலிருந்தும் தப்பிக்கலாம்.

ஹேவ்லாக் தீவா, நீல் தீவா என்பது அந்தமானுக்குள் இன்னொரு முடிவு. எல்லோரும் ஹேவ்லாக் போகிறார்கள். ராதாநகர் கடற்கரை அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அங்கே அலை உண்டு, படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது. நீல் சின்னத் தீவு, எங்கே போனாலும் ஐந்து கிலோமீட்டருக்குள். பாரத்பூர் கடற்கரை படகுத்துறைக்குப் பக்கத்திலேயே, ஆழமும் குறைவு. தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்று சொன்ன அம்மாவை அடிக்கண்ணாடிப் படகில் உட்கார வைத்தோம். குனிந்து பார்த்தவள் ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, இது பூவா, கல்லா?" என்றாள். ஆச்சியோடு போகிறவர்களுக்கு நீல்தான் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அந்தப் படகு ஒரு பெரிய காரணம்.

அதே நீலில்தான் எங்களுக்குத் தடங்கலும் வந்தது. லட்சுமண்பூரில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டும், செத்த பவளத்தின் மேல் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நம் தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் வற்றும் நேரம் என்று ஒன்றைக் கணக்குப் பார்த்து நமக்குப் பழக்கமில்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். காலையில் நீந்திய இடம் மத்தியானம் பாறையாகக் கிடக்கும். அண்ணன் மகன் மீன் பார்க்கிற வேகத்தில் ஒரு பள்ளத்தில் கால் விட்டான். பவளம் உள்ளங்காலைக் கீறிவிட்டது. அம்மா கரையில் மரத்தடியில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு, "ஆட்டாதல, ஒண்ணுமில்ல, ஆட்டாத" என்று பிடித்துக்கொள்ள, மைனி குடிதண்ணீர்ப் பாட்டிலைச் சரித்துக் கழுவக் கழுவ வெள்ளைத் துகள் வந்துகொண்டே இருந்தது. பவளக் கீறலில் அதுதான் சிக்கல்: துகள் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும், ஆறவே ஆறாது. தீவிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. சுத்தம் செய்து தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். ஆளுக்கொரு ஜோடி ரப்பர் ஷூ இருந்தால் இது பெரும்பாலும் நடக்காது. திருநெல்வேலியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். எந்தத் தீவானாலும் அது வேண்டும்.

மறுநாள் காற்று எழும்பி ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள். படகுத்துறையில் பெட்டியோடு நின்ற கூட்டத்தில் இரண்டு விதமான முகங்களைப் பார்த்தேன். மறுநாள் காலை விமானம் வைத்திருந்தவர்கள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எங்களுக்கு விமானத்துக்கு முன்னால் போர்ட் பிளேரில் ஒரு நாள் சும்மா விட்டிருந்தது. அந்த நாளை நீலிலேயே கழித்தோம். பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு காலைக் குளியல், செல்லுலார் சிறை மட்டும் விட்டுப்போனது. அந்தமான் திட்டத்தில் மிக மதிப்பான நாள் அந்த வெறும் நாள்தான். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொண்டு, கடற்படை போய் மீட்க வேண்டியிருந்தது. பயண ஏற்பாட்டாளர்கள் கடைசி ராத்திரியைத் தீவில் போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபெர்ரியில் வாந்தி வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் வந்தபிறகு போட்டுப் பயனில்லை. கீழ்த்தளத்தில் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. தனியார் ஃபெர்ரிகள் பெரும்பாலும் ஏசி போட்டு மூடியவை, வெளிக்காற்றுக்கு நிற்க வழியிருக்காது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற கடற்கரைகளில் அதை அப்படியே நம்புங்கள், ஓடை கடலில் சேருகிற இடத்தில் இறங்காதீர்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் பரவாயில்லை. இருந்தாலும் சின்னத் தீவுகளுக்கு ரொக்கம் கொண்டுபோங்கள். திரும்பும்போது பிள்ளைகள் பையை ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. வன உயிரினச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பார்க்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு அந்தமானுக்கே. கால் கீறினால் அதே தீவில் மருந்து, படகு நின்றால் மறுநாள் படகு, மொழிக்கும் பணத்துக்கும் தவிப்பில்லை, ஆச்சி தண்ணீரில் இறங்காமலேயே பவளத்தைப் பார்க்கலாம். ஆனால் மாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே 20 வாக்கில், அந்தமானைத் தொட்டுவிடும். தேர்வு முடிந்த கையோடு கிளம்பி மே 10க்குள் திரும்ப முடிகிறவர்கள் போகலாம். அரையாண்டு லீவில் போகிறவர்கள் அங்கே மட்டுமில்லை, இங்கேயும் வானத்தைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோனது யாருக்கும் மறந்திருக்காது. அப்படி டிசம்பர் கடைசியில்தான் லீவு, எல்லோருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது, அசைவ வீடு என்றால் மாலத்தீவின் ஊர்த் தீவு ஒன்றைத் தாராளமாகப் பார்க்கலாம். மூன்று நாள்தான் கிடைக்கும், கையிலும் அவ்வளவுதான் என்றால் ராமேஸ்வரம், பெண்கடல் பக்கம்.

மே கடைசியில்தான் லீவு எடுக்க முடியும் என்கிற குடும்பங்கள் நம்மில் நிறைய. கடை வைத்திருப்பவர்கள், கோயில் கொடை முடிந்து கிளம்புகிறவர்கள். அவர்கள் மழையில் அந்தமான் போய் விடுதி அறைக்குள் உட்கார வேண்டாம், திருகோணமலை போங்கள். அதற்கு இப்போதே ஆச்சியின் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் டிக்கெட் போடுவதற்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.